செலரி சில மாசம் இனிக்குது, சில மாசம் கசக்குது, ஏன்?

செலரி வாங்குறவங்க அடிக்கடி சொல்ற ஒரு புகார் இருக்கு. போன தடவை வாங்கினது கடிச்சா நறுக்குனு உடைஞ்சுது, வாய் நிறைய தண்ணி, லேசா உப்பு, லேசா இனிப்பு. இந்த தடவை வாங்கினது பார்க்க அதே பச்சை அதே தடிமன் தான், ஆனா வாயில வச்சா கசப்பு, நாக்கு மரத்துப்போற மாதிரி ஒரு காட்டம், கூடவே பல்லிடுக்குல மாட்டுற நார். உடனே பழி ரகத்து மேல போகும், இல்ல பழைய சரக்குன்னு சொல்வாங்க, இல்ல மருந்து நிறைய அடிச்சிருக்காங்கன்னு சொல்வாங்க. அதுவும் சில நேரம் இருக்கலாம் தான், ஆனா பெரும்பாலும் காரணம் ரொம்ப சாதாரணம். அந்தச் செடி வளர்ந்த வாரங்கள்ல வெயில் எப்படி இருந்துச்சு, ராத்திரி எவ்வளவு குளிர்ந்துச்சு, தண்ணி இடைவிடாம கிடைச்சுதா, இவ்வளவுதான் விஷயம். விதை ஒண்ணு, மண் ஒண்ணு, வளர்த்தவரும் ஒருத்தரே, நட்ட மாசம் மட்டும் மாறினாலே ருசி மாறிடும்.

"எதையும் சீசன்ல வாங்கு, ருசியா இருக்கும்"னு பொதுவா சொல்லிடறோம். தப்பில்ல, ஆனா அது பாதி தான். ஏன்னா செலரியக் கெடுக்குற அதே வெயில் தான் தக்காளிக்கு ருசி குடுக்குது, கேரட்டை இனிப்பாக்குற அதே குளிர் வெள்ளரிக்கு ஆகவே ஆகாது. அப்போ சீசன்னா என்னன்னு கேட்டா அதுக்கு ஒரே பதில் கிடையாது, அந்தச் செடியில நாம எந்தப் பாகத்தைச் சாப்பிடுறோம்ங்கிறத வச்சுத்தான் பதில் மாறும். இலை, தண்டு, வேர் இதெல்லாம் செடி தனக்காக வச்சிருக்கிறது, யாரும் தின்னக் கூடாதுன்னு நினைக்கிற பாகம். பழம் அப்படி இல்ல, விதையப் பரப்புறதுக்காக யாராவது வந்து தின்னட்டும்னே அது பண்ணி வைக்கிறது. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடிச்சுக்கிட்டா மத்ததெல்லாம் கிட்டத்தட்ட தானா புரிஞ்சிடும்.

முதல்ல செலரியவே எடுத்துக்குவோம், ஏன்னா பருவத்துக்கு இவ்வளவு சட்டுனு ருசி மாத்துற காய் ரொம்ப கம்மி. இது கேரட், கொத்தமல்லி, சீரகம், சோம்பு இதுங்களோட குடும்பம். காட்டு செலரி மத்தியதரைக்கடல் பக்கத்துல சதுப்பு நிலத்துலயும் கடலோர உப்பு ஈரத்துலயும் தானா முளைக்கிற செடி, தண்டு மெலிசு, வாசனை தூக்கல், கசப்பு அதுக்கு மேல. பழைய கிரேக்கத்துல நெமியா விளையாட்டுப் போட்டியில ஜெயிச்சவங்களுக்கு இந்தக் காட்டு செலரிய வளையமா கட்டித் தலையில வைப்பாங்க. அப்போ அது மருந்துச் செடி, வாசனைச் செடி, யாரும் தண்டைக் கடிச்சுத் தின்ன நினைச்சதில்ல. பதினேழாம் நூற்றாண்டு வாக்குல இத்தாலியிலயும் பிரான்ஸ்லயும் கசப்பு கம்மியான செடியாப் பொறுக்கிப் பொறுக்கி விதை எடுத்து இன்னைக்கு இருக்கிற தடித்த தண்டுக்குக் கொண்டு வந்தாங்க. அப்பவே அவங்க கவனிச்ச விஷயம் ஒண்ணு, கோடை கடைசியிலயும் இலையுதிர் காலத்துலயும் வளர விட்டு குளிர் வந்தப்புறம் எடுத்தா அந்தக் காட்டமான வாசனை நல்லாவே அடங்கிடுது. ரகம் தேர்வு பண்றது ஒரு பக்கம்னா பருவம் தேர்வு பண்றது இன்னொரு பக்கம்னு ஆரம்பத்துலயே தெரிஞ்சிருக்கு.

அந்தச் சதுப்பு நிலக் குணம் இன்னும் போகல. செலரி தண்டுல ஏறக்குறைய 95 சதவீதம் தண்ணி. வேர் ரொம்ப மேலாப்புல ஓடும், ஆழத்துல இருக்கிற ஈரத்தை எட்டிப் பிடிக்கத் தெரியாது. அதனால மேல்மண் ரெண்டு நாள் காஞ்சாலே செடிக்குத் தெரிஞ்சிடும். அதுக்குப் பிடிச்ச சூடு சுமாரா 15 முதல் 21 டிகிரி செல்சியஸ். அதுவும் கொஞ்ச நாள் இல்ல, நாற்றங்கால்லயே ரெண்டு மாசத்துக்கு மேல கிடக்கும், அப்புறம் நட்டு மூணு நாலு மாசம். மொத்தத்துல ஆறு மாசம் வரைக்கும் இதமான சூடு, தவறாத ஈரம் ரெண்டும் வேணும்னு கேக்குற செடி. முள்ளங்கி மாதிரி மூணு நாலு வாரத்துல முடிஞ்சிடுற பயிருக்கு நல்ல வானிலையா ஒரு இடைவெளி கிடைச்சா போதும், இதுக்கு அது பத்தாது. நடுவுல ஒரு வெயில் அலை வந்தாலும் தண்டுல அதோட அடையாளம் இருக்கும்.

ருசின்னு நாம சொல்றது செலரியில எங்க இருந்து வருது? அந்தத் தனி வாசனைக்கு முக்கியமான காரணம் தாலைடுகள்னு ஒரு வகை எண்ணெய்ப் பொருள். இது ரொம்ப ரொம்ப கொஞ்சமா இருந்தாலே மூக்குக்குத் தெரியும். கூடவே எலுமிச்சைத் தோல்ல இருக்கிற லிமோனீன் மாதிரி, டெர்பீன்கள்னு சொல்ற சில வாசனைப் பொருள்கள். உப்புச் சுவை நிஜமாவே சோடியம் தான், 100 கிராமுக்கு ஒரு 80 மில்லிகிராம் இருக்கும், பச்சைக் காய்க்கு அது அதிகம் தான். இனிப்பு விஷயத்துலயும் இது கொஞ்சம் விசித்திரமான செடி. மத்த பல செடிங்க இலையில தயாராகிற சர்க்கரைய சுக்ரோஸா மட்டும் அனுப்பும், செலரி அதுல கணிசமான பங்கை மானிட்டால்ங்கிற சர்க்கரை ஆல்கஹாலா மாத்தி அனுப்புது. மானிட்டால் லேசா இனிக்கும், வாயில குளிர்ச்சியாவும் தெரியும், உப்பு நிலத்துல செடி தாக்குப் பிடிக்கவும் அது தான் உதவுது. ஆக நல்ல செலரின்னா நிறைய தண்ணி, அதுல கொஞ்சம் இனிப்பும் உப்பும், மேல லேசா வாசனை எண்ணெய். இந்தக் கணக்குல தண்ணி குறைஞ்சா மீதி எல்லாம் தூக்கலா தெரியும். கசப்பும் தான்.

வெயில் காலத்துல நடக்கிறது இதுதான். சூடு ஏறும்போது இலை வழியா தண்ணி வேகமா வெளியேறும், மேலாப்பு வேரால அதுக்கு ஈடு குடுக்க முடியாது, செடி இலைத் துளைகளை மூடிக்கும், வளர்ச்சி நிக்கும், ஆனா பாதுகாப்புக்கான வாசனை எண்ணெயும் கசப்புப் பொருளும் குறையாது, பல நேரம் கூடும். தண்டுக்குள்ள இருக்கிற மெத்துன்னு தண்ணி கோத்த செல்கள் வறண்டு காத்து நிரம்பிய இடமா மாறிடும், முள்ளங்கியில வெண்டு விழுந்திடுச்சுன்னு சொல்றோமே அதே தான், கடிச்சா பஞ்சு. அதுக்கு மேல நார். நாம இழுத்து உரிக்கிற அந்த நார் வெறும் நீர்க்குழாய் இல்ல, தண்டை நிமிர்த்திப் பிடிக்கிறதுக்காகவே இருக்கிற தனித் திசு அது. செடி அசைய அசைய அது தடிக்கும், செலரிச் செடிய வேணும்னே ஆட்டி ஆட்டி வளர்த்துப் பார்த்த ஆராய்ச்சியில இது தெளிவா தெரிஞ்சிருக்கு. அதனால வறண்ட காத்து பலமா வீசுற பருவத்துல வர்ற தண்டு நாராத்தான் இருக்கும், அதுக்காக விவசாயியத் திட்டி பிரயோஜனம் இல்ல.

அப்போ நல்ல குளிர்ல வளர்த்துட்டா பிரச்சனை தீர்ந்துச்சான்னா அதுவும் இல்ல. செலரி ரெண்டு வருஷத்துச் செடி, முதல் வருஷம் இலையும் தண்டும், நடுவுல ஒரு குளிர்காலம், ரெண்டாவது வருஷம் பூ. இந்த குளிர்காலம் வந்துட்டுப் போச்சுங்கிறத அது எப்படித் தெரிஞ்சுக்குதுன்னா, ஓரளவு வளர்ந்த செடி பத்து டிகிரிக்குக் கீழ கொஞ்ச வாரம் தொடர்ந்து இருந்துட்டா அதைக் குளிர்காலம்னு எடுத்துக்கும். அப்புறம் சூடு வந்து பகல் நீள ஆரம்பிச்ச உடனே நடுவுல இருந்து பூத்தண்டு கிளம்பிடும். பூத்தண்டு கிளம்பிட்டா கதை முடிஞ்சுது, சேமிச்ச சர்க்கரை எல்லாம் அங்க போயிடும், சுத்தி இருக்கிற தண்டுகள் கசந்து நாராயிடும். வெளியில இருந்து பார்க்கிறவங்களுக்கு இது தெரியாது, பூத்தண்டு உள்ள ஒரு விரல் உயரத்துல இருக்கும்போதே அறுத்து அனுப்பியிருப்பாங்க. குளிர் முடியுற நேரத்துல வர்ற செலரி சில சமயம் காரணமே இல்லாம கசக்குதுன்னா, கட்டைப் பிரிச்சு நடுக்குருத்தைப் பாருங்க, உருண்டையா கெட்டியா ஒரு தண்டு இருந்தா அது தான் பூத்தண்டு.

வெளிச்சமும் ருசிய மாத்தும், இத முன்னாடி காலத்து விவசாயிங்க நல்லா தெரிஞ்சு வச்சிருந்தாங்க. அறுக்குறதுக்குச் சில வாரம் முன்னாடி தண்டைச் சுத்தி மண்ணை அணைச்சு ஏத்துவாங்க, இல்ல பலகை, காகிதம் எதையாவது வச்சு மறைப்பாங்க. வெளிச்சம் படாத தண்டு வெளுத்துப் போகும், மெதுவாகும், கசப்பு குறையும். வேலை அதிகம், மண்ணு உள்ள போய் ஒட்டிக்கும், கழுவுறது பெரிய பாடு, அதனால தானா வெளுக்கிற ரகங்களும், அப்புறம் பச்சையா இருந்தாலும் அவ்வளவு கசக்காத ரகங்களும் வந்தப்புறம் இந்தப் பழக்கம் பெரிய தோட்டங்கள்ல கிட்டத்தட்ட நின்னு போச்சு. ஆனா அதே தத்துவம் இன்னும் ஒவ்வொரு கட்டுலயும் இருக்கு, நெருக்கி நடும்போது ஒரு செடி இன்னொரு செடிக்கு நிழல், வெளித்தண்டு உள்தண்டுக்கு நிழல், அதனால தான் நடுக்குருத்து எப்பவும் இளசா இனிப்பா இருக்கு.

அப்போ மங்கலான வெளிச்சம் எப்பவும் நல்லதான்னு கேட்டா இல்ல, ரொம்ப குறைஞ்சா வேற பிரச்சனை. செடி மண்ணுல இருந்து நைட்ரேட்டா உறிஞ்சுற சத்தைப் புரதமா மாத்துறதுக்கு வெளிச்சம் வேணும். வெளிச்சம் இல்லாத பருவத்துல அந்த நைட்ரேட் மாறாம இலையிலயும் தண்டுலயும் தேங்கும், சர்க்கரையும் கம்மியா இருக்கும், சாப்பிட்டா சப்புன்னு இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் லெட்யூஸ்ங்கிற சாலட் கீரைக்கு வச்சிருக்கிற நைட்ரேட் உச்சவரம்பே பருவத்துக்குத் தகுந்த மாதிரி மாறும். கூரைக்குக் கீழ வளர்த்தது அக்டோபர்ல இருந்து மார்ச் வரைக்கும் அறுத்தா கிலோவுக்கு 5000 மில்லிகிராம் வரைக்கும், ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் வரைக்கும்னா 4000. சட்டமே குளிர்காலக் கீரை வேற, கோடைக் கீரை வேறன்னு ஒத்துக்கிட்டிருக்கு.

இலைக்காய்கள்ல லெட்யூஸ் கதையும் செலரி கதை மாதிரியே தான், கொஞ்சம் வேகமா நடக்கும் அவ்வளவுதான். லெட்யூஸ் இலைய ஒடிச்சா பால் மாதிரி ஒண்ணு கசியுமே, அதுல லாக்டூசின் மாதிரி கசப்புப் பொருள்கள் இருக்கு. சூடு ஏறி பகலும் நீளும்போது செடி பூக்கத் தயாராகும், அந்த நேரத்துல இந்தப் பால் அதிகமாகும். பூக்கப்போற நேரத்துல யாராவது மேஞ்சுட்டா விதையே இல்லாம போயிடுமே. பசலைக்கீரை வகையில ஸ்பினாச் பெரும்பாலும் பகலோட நீளத்தைத் தான் கணக்கு வைக்குது, பதிமூணு பதினாலு மணி நேரத்தைத் தாண்டினா பூத்தண்டு விட்டுடும். கொத்தமல்லி சூட்டுக்குச் சட்டுனு பூ எடுத்து இலை நூல் நூலா மெலிஞ்சு போயிடும். மூணுத்துலயும் தண்ணி ஊத்தியோ உரம் போட்டோ பழைய ருசியத் திரும்பக் கொண்டு வர முடியாது, செடி ஒரு தடவை முடிவெடுத்துட்டா அவ்வளவுதான்.

வேர்க்காய்கள் பக்கம் வந்தா குளிரோட நல்ல முகம் தெரியும். செடி பகல்ல சம்பாதிக்கிற சர்க்கரையில ஒரு பங்கை ராத்திரி மூச்சு விடவே செலவழிக்கும், சூடு ஒவ்வொரு பத்து டிகிரி ஏற ஏற அந்தச் செலவு சுமாரா ரெண்டு மடங்கு ஆகும். வெக்கையான ராத்திரின்னா சம்பாத்தியம் பூரா வீட்டுச் செலவுக்கே போயிடும், குளிர்ந்த ராத்திரின்னா மிச்சம் பிடிக்கலாம், அந்த மிச்சம் தான் கேரட்டுல இனிப்பு. நார்வேல கேரட்டை 9 டிகிரியில இருந்து 21 டிகிரி வரைக்கும் வெவ்வேற நிலையான சூட்டுல வளர்த்து ருசி பார்த்தாங்க. குளிர்ல வளர்ந்தது இனிப்பும் மொறுமொறுப்பும் கூடுதலா இருந்துச்சு, சூட்டுல வளர்ந்தது கசப்புப் பக்கம் சாஞ்சுது. சூட்டுல டெர்பீன் கூடுறதும் இதுக்கு ஒரு காரணம், கேரட்டுல அந்த மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை சில சமயம் அடிக்குமே அதுவும் டெர்பீன் வேலை தான். ஆனா இதுல ஒரு ஓட்டை இருக்கு, அறுத்தப்புறம் ஆப்பிள் கூட ஒரே பெட்டியில வச்சா ஆப்பிள் விடுற எத்திலீன் வாயு பட்டு கேரட்டுல வேற ஒரு கசப்புப் பொருள் உருவாகும், அப்போ எவ்வளவு நல்ல பருவத்துல வளர்ந்திருந்தாலும் வீண்.

உறைபனி தொட்டப்புறம் இனிப்பாகிற காய்கள் தனி ரகம். வெள்ளைக் கேரட் மாதிரி இருக்கிற பார்ஸ்னிப், கேல் கீரை, முட்டைகோஸ், களைக்கோசுன்னு சொல்ற பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட் இதெல்லாம் அந்த வகை. குளிர் கூடும்போது செல்லுக்குள்ள இருக்கிற தண்ணி உறைஞ்சு ஐஸ் ஆனா செல் கிழிஞ்சிடும், அதைத் தடுக்க செடி சர்க்கரைய ஏத்திக்கும், சர்க்கரை கரைஞ்ச தண்ணி இன்னும் கீழ போனா தான் உறையும். பார்ஸ்னிப் கிழங்குல மாவுச்சத்தே சர்க்கரையா மாறுது, கேல் மாதிரி இலைகள்ல தயாராகிற சர்க்கரை வளர்ச்சிக்குச் செலவாகாம அப்படியே தேங்குது. செடி தன் உயிரைக் காப்பாத்திக்கப் பண்ணினது, நமக்கு லாபம். இதே வேலைய உருளைக்கிழங்கு கிடங்குல பண்ணும்போது மட்டும் யாருக்கும் பிடிக்காது. ஏழெட்டு டிகிரிக்குக் கீழ ரொம்ப நாள் வச்சா மாவு சர்க்கரையாகி, எண்ணெயில போட்ட உடனே கருகின நிறம் வரும், அக்ரிலமைடுன்னு உடம்புக்கு ஆகாத ஒரு பொருளும் அதிகமாகும். சிப்ஸ் போடுற கம்பெனிகள் கிழங்கை அதுக்கு மேல சூட்டுல தான் வைக்கும், காரணம் இதுதான்.

காரக் காய்களுக்கு வேற கணக்கு. முள்ளங்கி, கடுகுக்கீரை, வெங்காயம் இதுங்களோட உறைப்பு கந்தகம் சேர்ந்த பொருள்கள்ல இருந்து வருது. முழுசா இருக்கும்போது காரமே இருக்காது, வெட்டும்போதோ கடிக்கும்போதோ ரெண்டு அறையில இருந்த பொருளும் நொதியும் கலந்து அந்த நிமிஷத்துல உண்டாகும். முள்ளங்கி குளிர்ந்த ஈரமான வாரங்கள்ல வேகமா உருண்டு வந்தா சாதுவா இருக்கும், சூட்டுலயும் வறட்சியிலயும் மெதுவா வந்தா மூக்குல ஏறும், வெண்டும் விழும். வெங்காயத்துக்கு சூடு, தண்ணிக் குறைச்சல், மண்ணுல கந்தகம் மூணும் கூடக் கூடக் கண்ணு எரியும். இனிப்பு வெங்காயம்னு பேர் வாங்கினது பல எடத்துல நிஜத்துல சர்க்கரை கூடினதால இல்ல, கந்தகம் கம்மியான மண்ணுல விளைஞ்சதால உறைப்பு குறைஞ்சு, இருக்கிற சர்க்கரை நாக்குக்குத் தெரியுது, அவ்வளவு தான்.

பச்சை மிளகாயும் பல ரகங்கள்ல தண்ணி இழுத்துப் பிடிச்சா காரம் கூடும். வெள்ளரி கசக்குறதுக்கு குக்கர்பிட்டசின்னு ஒரு பொருள், செடி வெயிலுக்கும் வறட்சிக்கும் வாடும்போது காம்புப் பக்கத்துலயும் தோல்லயும் சேரும். இப்போ வர்ற நிறைய ரகங்கள்ல அந்தக் கசப்பையே எடுத்துட்டாங்க, அதனால இந்தப் பிரச்சனை முன்ன மாதிரி இல்ல.

பழங்களுக்கு வந்தா நிலைமை தலைகீழ். தக்காளிக்கு வெயில் தான் முதலீடு, வெளிச்சம் அதிகமா விழுந்தா இலையில சர்க்கரை அதிகம், அது காய்க்கு வரும். வெளிச்சம் மங்கின மாசத்துல கண்ணாடிக் கூடத்துக்குள்ள சூடேத்தி வளர்த்த தக்காளி சிவப்பா தான் இருக்கும், ஆனா சூட்டை ஹீட்டர் குடுத்தாலும் வெளிச்சத்தை ஹீட்டர் குடுக்காதே, அதனால ருசி வெறும் தண்ணி. அதே நேரம் சூடு 30 டிகிரியத் தாண்டி நின்னா சிவப்பு குடுக்குற லைகோபீன் உருவாகுறது நின்னுடும், மஞ்சள் நிறமி மட்டும் தொடரும், அதனால கடுங்கோடையில பழுக்கிற தக்காளி ஒரு மாதிரி ஆரஞ்சு கலந்து நிக்கும். செலரிக்குச் செய்யவே கூடாததை இதுக்குச் செய்யலாம், பழுக்கிற நேரத்துல தண்ணியக் கொஞ்சம் குறைச்சா சாறு சுண்டி ருசி ஏறும், விளைச்சல் என்னவோ குறையும். பழுக்குற வாரத்துல கனமழை பெய்ஞ்சா நேர் எதிர், பழம் தண்ணி குடிச்சு வீங்கி வெடிக்கும், ருசி நீர்த்துப் போகும். முலாம்பழத்துக்கும் கடைசி நாட்கள்ல தண்ணி நிறுத்துறது இதுக்காகத் தான்.

தக்காளிய ஃப்ரிட்ஜுல வைக்கிறதப் பத்தி எப்பவும் ஒரு சண்டை நடக்கும். 2016ல அமெரிக்காவுல புளோரிடா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வுல பழுத்த தக்காளிய 5 டிகிரியில ஒரு வாரம் வச்சுப் பார்த்தாங்க. சர்க்கரையும் புளிப்பும் பெருசா மாறல, ஆனா மணம் குடுக்குற ஆவிப் பொருள்கள் நல்லாவே குறைஞ்சு போச்சு, வெளிய எடுத்து வச்சப்புறமும் முழுசா திரும்ப வரல. குளிர் அந்த மணத்தை உண்டாக்குற ஜீன்களையே அமுக்கி வைக்குது. தக்காளி ஒரு வெப்பநாட்டுச் செடி, அதுக்குக் குளிர்னா ஆபத்து, கேரட் மாதிரி அதுக்கு இனிப்பு ஏத்திக்கத் தெரியாது. வாழைப்பழம் 13 டிகிரிக்குக் கீழ போனா தோல் கறுக்குறதும் இதே வகை பலவீனம் தான்.

புளிப்பு இனிப்பு சமநிலையில பருவத்தோட கையைப் பார்க்கணும்னா திராட்சை நல்ல உதாரணம். திராட்சையில முக்கியமா ரெண்டு அமிலம், டார்டாரிக்கும் மாலிக்கும். சூட்டுல பழம் மாலிக் அமிலத்தை எரிச்சுத் தீர்த்துடும், டார்டாரிக் அவ்வளவா அசையாது. அதனால பகல் ராத்திரி ரெண்டும் வெக்கையான இடத்துல திராட்சை வெறும் இனிப்பா, தட்டையா முடிஞ்சிடும், ராத்திரி குளிர்ற இடத்துல இனிப்பும் ஏறி புளிப்பும் மிச்சம் இருக்கும். அன்னாசி குளிர் மாசங்கள்ல முத்தினா புளிப்பு தூக்கல். ஆரஞ்சு விஷயத்துல நிறைய பேர் ஏமாறுறது நிறத்துல, ஆரஞ்சுத் தோல் பச்சை மாறி நிறம் வர்றதுக்குக் குளிர்ந்த ராத்திரி வேணும், எப்பவும் சூடா இருக்கிற பகுதியில நல்லா பழுத்த பழமே பச்சையா தான் இருக்கும், உள்ள இனிப்பு குறைவில்ல. நிறம் ராத்திரிக் குளிரைச் சொல்லுது, பழுத்துச்சா இல்லையாங்கிறத அது சொல்லாது. ஸ்ட்ராபெரி மெதுவா பழுக்கப் பழுக்க நல்லது, குளிர்ந்த நாள்ல பழம் செடியில கூடுதலா சில நாள் தங்கும், அந்தச் சில நாள் தான் சர்க்கரை சேர்ற நேரம், வெக்கையில அவசரமா சிவந்துடும், உள்ள ஒண்ணும் இருக்காது.

இதெல்லாம் தெரிஞ்சாலும் வாங்குற அன்னைக்கு வெளிய என்ன பருவம்னு பார்த்து முடிவு பண்ண முடியாது, அதான் சிக்கல். செலரிய சரியா ஜீரோ டிகிரி பக்கத்துல, காத்துல ஈரப்பதம் 95 சதவீதத்துக்கு மேல வச்சா ஒரு மாசத்துக்கு மேல தாங்கும். அப்படின்னா இன்னைக்கு கையில இருக்கிற கட்டு போன மாசம் அறுத்ததா இருக்கலாம், அதுக்கு முன்னாடி நாலு மாசம் வேற ஒரு அட்சரேகையில வளர்ந்ததா இருக்கலாம். பெரிய அளவுல செலரி போடுறவங்க வருஷம் பூரா சப்ளை நிக்காம இருக்க, கோடையில கடலோரக் குளிர்ந்த பகுதி, குளிர்காலத்துல இதமான பகுதின்னு இடம் மாத்தி மாத்தி நடுவாங்க. நம்ம கண்ணுக்கு வருஷம் பூரா ஒரே செலரி, ஆனா ஒரு இடத்து அறுவடை முடிஞ்சு இன்னொரு இடத்து அறுவடை தொடங்குற அந்த மாறுற வாரங்கள்ல தான் தரம் அதிகமா ஆடும், ஒரு பக்கம் முத்தினது வரும், இன்னொரு பக்கம் அவசரத்துல எடுத்தது வரும். விதைக் கம்பெனிகளும் சீக்கிரம் பூக்காதது, நார் கம்மியா இருக்கிறது, லாரியில அடிபடாததுன்னு தான் ரகம் தேடுறாங்க, வாசனை அந்தப் பட்டியல்ல எங்கயோ கீழ இருக்கும்னு எனக்கொரு எண்ணம்.

அதனால கையில இருக்கிற செலரிக்கிட்டயே கேட்டுடுறது நல்லது. அடித்தண்டுப் பக்கம் லேசா வளைச்சா சத்தத்தோட முறியணும், வளைஞ்சு குடுத்தா தண்ணி போயிடுச்சு. குறுக்கே வெட்டின இடத்துல வெள்ளையா பஞ்சு மாதிரி, இல்ல ஓட்டையா தெரிஞ்சா வெண்டு. ரொம்ப அடர்ந்த பச்சையும் நல்ல வாசனையும் இருந்தா வெயில் நல்லா வாங்கினது, பச்சையா கடிச்சுத் தின்ன ஏத்தது வெளிர் நிறக் கட்டு தான். வெளித்தண்டை ஒரு தடவை பீலர் வச்சு சீவினா நார்ப் பிரச்சனை முக்கால்வாசி போயிடும், இல்லன்னா நாருக்குக் குறுக்கா மெலிசா நறுக்கிடலாம். கசப்பு கொஞ்சம் இருந்தா ஒரு சிட்டிகை உப்பு போதும், சோடியம் நாக்குல கசப்பு உணர்வை நேரடியா அமுக்கும், சர்க்கரை போட்டு மறைக்கிறத விட இது நல்லா வேலை செய்யும்.

ரொம்ப காட்டமான வெயில் கால செலரிய தூக்கிப் போடணும்னு இல்ல, அதுக்குச் சரியான இடம் சூப் பானை தான். அதுல தண்ணி கம்மி, தாலைடுகள் நிறைய, கொதிச்சாலும் அது முழுசா ஆவியாகிப் போயிடாது. கோழி சூப்புல செலரியோட இந்தப் பொருள்களைச் சேர்த்துச் சோதிச்சப்போ, தனியா செலரி வாசனையே தெரியாத அளவுல சேர்த்தாலும் சூப்போட கனமும் இறைச்சிச் சுவையும் கூடுதுன்னு ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் பார்த்திருக்காங்க. இளசான, தண்ணி கோத்த, இனிப்பான செலரிய சூப்புல போட்டா அது கரைஞ்சு காணாம போயிடும், வெயில்ல வாடி வளர்ந்தது அந்த இடத்துல தான் நின்னு பேசும். தண்டு கூட வர்ற இலையத் தூக்கிப் போடாதீங்க, வாசனை தண்டை விட இலையில தான் அதிகம், சூப்பை இறக்குறதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி பொடியா நறுக்கிப் போட்டா போதும்.